படத்தை முதலில் காட்டுங்கள், பெயரைப் பிறகு சொல்லுங்கள்

ஓவிய ஆசிரியராகச் சேர்ந்து ஆறு மாதமான ஒருவர் கேட்டிருக்கிறார்: "வரையச் சொல்லித் தருவதில் சிக்கல் இல்லை. ஆனால் புகழ்பெற்ற ஓவியங்களைக் காட்டி ரசனையை வளர்க்க வேண்டிய வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். நீங்கள் என்ன பின்னணியிலிருந்து வந்தீர்கள்? இதை எப்படிச் செய்கிறீர்கள்?"

கொட்டாவி பிள்ளைகளின் குற்றமில்லை. உங்கள் குற்றமும் பெரிதாக இல்லை. நம்மில் பெரும்பாலோர் கலை வரலாற்றைப் படித்தது தேர்வுக்காக. யார் வரைந்தது, எந்த ஆண்டு, எந்தப் பாணி, இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படித்ததை அப்படியே வகுப்பில் இறக்கி வைக்கிறோம். நானும் ஏழெட்டு வருடம் அதைத்தான் செய்தேன். ஆகவே இது கரை ஏறியவன் சொல்லும் பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் அதே சேற்றில் கால் வைத்தவன்தான்.

பின்னணி கேட்டீர்கள். என் அப்பா பெயர்ப்பலகை எழுதுகிறவர். எனாமல் பெயிண்டும் டர்பன்டைன் வாசனையுமாக வளர்ந்தேன். ஒரு வரி எழுதி முடித்ததும் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நிற்பார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். சில சமயம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து, பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் பார்ப்பார். "கிட்ட நின்னா எழுத்துதான்டா தெரியும், தள்ளி நின்னாத்தான் பலகை தெரியும்" என்பார். அப்புறம் திரும்பி வந்து இரண்டு எழுத்துக்கு நடுவே இருந்த இடைவெளியை நூலளவு மாற்றுவார். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றும்.

கலைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில் பேராசிரியர் ஒருவர், "கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், நுணுக்கம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும்" என்றார். இன்னொருவர், வரைந்த படத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். இடம் வலமாக மாறியதும் பழகிப்போன கண் புதிதாகிவிடும், கோணல் உடனே தெரியும் என்று விளக்கினார். இரண்டும் எனக்கு வீட்டிலேயே தெரிந்தவை. ஆனால் நான் சொல்லவில்லை. அப்பாவின் தொழிலைச் சொல்ல அப்போது கூச்சம். அந்தக் கூச்சத்தில் ஐந்து வருடம் போனது. தியரித் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கினேன், ஒரு படத்தின் முன் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றதாக நினைவில்லை.

வேலைக்கு வந்த பிறகு நடந்தது இது. மோனாலிசாவைத் திரையில் போட்டு, லியோனார்டோ பிறந்தது 1452, பாப்லர் மரப்பலகையில் எண்ணெய் வண்ணம், 1911-இல் திருடு போனது, இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "சார், இவங்களுக்குப் புருவம் ஏன் இல்ல?" என்றாள். நூறு முறை பார்த்த படம். புருவம் இல்லை என்பது எனக்குத் தெரியாது. "அதை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். அவள் கையை இறக்கினாள். அந்த வருடம் முழுக்க அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். 1550-இல் வசாரி என்ற இத்தாலிய எழுத்தாளர் இந்த ஓவியத்தை வருணிக்கும்போது புருவ முடிகள் தோலிலிருந்து முளைக்கும் அழகைப் புகழ்கிறார். இன்று நாம் பார்க்கும் முகத்தில் புருவம் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் அழிந்ததா? துடைத்தபோது போனதா? வசாரி படத்தை நேரில் பார்க்காமலே எழுதினாரா? ஒரு முழு வகுப்புக்கான விஷயம், ஒரு சிறுமி தட்டில் வைத்துக் கொடுத்தது. நான்தான் தட்டிவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்ததைச் சொல்லும் அவசரத்தில் அவர்கள் பார்த்ததைக் கேட்காமல் விடுகிறேன். இன்று வரை இந்த வேலையைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான்: பார்வை முதலில், தகவல் பிறகு. தகவலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வர வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது, அந்த நேரத்தை மாணவர்தான் குறித்துத் தருகிறார்.

இதற்கு ஆய்வுப் பக்கத்திலிருந்தும் ஒரு துணை கிடைத்தது. ஆல்ஃபிரெட் யார்பஸ் என்ற ரஷ்ய உளவியலாளர், ஓவியம் பார்க்கும்போது கண் எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்து பார்த்தார். 1965-இல் வெளியான அவருடைய நூலில் வரும் சோதனை அது. இல்யா ரெப்பின் வரைந்த ஓவியம் ஒன்று: நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குள் நுழைகிறார், முதியவள் நாற்காலியிலிருந்து எழுகிறாள், மேசையருகே குழந்தைகள், கதவருகே பணிப்பெண். ஒரே ஆளிடம் ஒரே படத்தைக் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார் யார்பஸ். இவர்களின் வயதென்ன என்று கேட்டால் கண் முகங்களை மட்டும் சுற்றியது. இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி என்றால் உடைகளுக்கும் அறையின் பொருட்களுக்கும் தாவியது. கேள்வி எதுவும் கேட்காதபோது வேறு பாதை. படம் மாறவில்லை, ஆள் மாறவில்லை. கேள்வி மாறியதும் கண் போன வழி மாறிவிட்டது.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. "இது மறுமலர்ச்சிக் கால ஓவியம்" என்று சொன்னால் பிள்ளையின் கண் எங்கே போகும்? எங்கேயும் போகாது, நோட்டுப் புத்தகத்துக்குத்தான் போகும். மதுரைக்காஞ்சி ஓவியர்களைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. பார்ப்பவரின் கண்ணுக்குள் தம் தொழிலை நிறுத்துகிறவர்கள் என்பது நச்சினார்க்கினியர் உரையின் கருத்து. கல்லூரியில் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்த சொல். யார்பஸைப் படித்த பிறகுதான் அதன் ஆழம் புரிந்தது. ஓவியரின் வேலை கண்ணுக்குள் நடக்கிறது என்றால் அந்தக் கண்ணைத் திறந்து வைப்பதுதான் ஆசிரியரின் வேலை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும், அபிகெய்ல் ஹவுஸன் என்ற உளவியலாளரும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்னென்ன தெரிகிறது? கேட்க மிக எளிமை. நானும் "இவ்வளவுதானா?" என்றுதான் நினைத்தேன். செய்து பார்த்தபோது மூன்று இடங்களில் சறுக்கினேன்.

முதல் சறுக்கல், பாராட்டு. ஒருவன் நல்ல பதில் சொன்னதும் "சபாஷ்" என்றேன். அவ்வளவுதான், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சரியான விடை வந்துவிட்டது, இனி நாம் எதற்கு என்ற எண்ணம். இப்போது பாராட்டுவதில்லை. அவன் சொன்னதை வேறு சொற்களில் திருப்பிச் சொல்லி, படத்தில் அந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுகிறேன். "இடது மூலையில் இருட்டாக இருப்பதால் யாரோ ஒளிந்திருப்பதாக உனக்குத் தோன்றுகிறது" என்பது போல. அவனுக்குத் தான் கேட்கப்பட்டது தெரிகிறது, அடுத்தவனுக்கு மறுக்க இடம் கிடைக்கிறது. இரண்டாவது, மௌனத்தைக் கண்டு பயந்தது. படத்தைப் போட்டுப் பத்து நொடியில் யாரும் பேசவில்லையென்றால் நானே பேச ஆரம்பித்துவிடுவேன். இப்போது முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறேன், எனக்கும் சேர்த்துத்தான். மூன்றாவது சறுக்கல் கொஞ்சம் வெட்கக்கேடு: என் மனதில் ஒரு விடையை வைத்துக்கொண்டு, அது வரும் வரை கேட்டுக்கொண்டே இருப்பது. பிள்ளைகள் இதை ஒரு வாரத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அப்புறம் படத்தைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு படத்தை வைத்து முழுதாகச் சொன்னால்தான் விளங்கும். நான் அடிக்கடி எடுப்பது வான் கோ வரைந்த படுக்கையறை. பெயரைச் சொல்லாமல் திரையில் போடுகிறேன். இரண்டு நிமிட மௌனம். அப்புறம் வரும் பதில்கள் முதலில் பட்டியலாகத்தான் இருக்கும்: கட்டில், இரண்டு நாற்காலி, சிவப்புப் போர்வை, ஜன்னல், சுவரில் படங்கள். பட்டியல் அலுப்பாக இருந்தாலும் விடுங்கள், அது கண் சூடாகும் நேரம். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவன், "நாற்காலி ரெண்டு, தலையணையும் ரெண்டு, ஆனா ஆளே இல்ல" என்றான். யாருக்காகவோ காத்திருக்கும் அறை என்றாள் ஒருத்தி. இல்லை, யாரோ எழுந்து போன அறை என்றான் இன்னொருவன். எதைப் பார்த்து? போர்வை கலையாமல் இருக்கிறதே. சண்டை பிடித்துக்கொண்டது.

பிறகு தரை. கட்டில் நம் மேல் சரிந்து வருவது போல் இருக்கிறது, சுவரில் மாட்டிய படங்கள் முன்னால் விழப்போவது போல் இருக்கின்றன, பின்சுவர் கோணலாக இருக்கிறது. "வரையத் தெரியலையோ?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்க வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் யாராவது நிழலைக் கேட்பார்கள். எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லை. கட்டிலுக்குக் கீழே இல்லை, நாற்காலிக் கால்களுக்கு இல்லை. இதைக் கண்டுபிடிக்கச் சில வகுப்புகளில் இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. கண்டுபிடித்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு ஓடும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

இப்போதுதான் என் முறை. இது 1888 அக்டோபரில் பிரான்சின் ஆர்ல் நகரத்தில் வரைந்தது, அவருடைய சொந்த அறை. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் நிழல்களை வேண்டுமென்றே விட்டுவிட்டதாகவும், ஜப்பானிய அச்சு ஓவியங்களைப் போலத் தட்டையான வண்ணங்கள் பூசியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் அறையின் சுவர் உண்மையிலேயே கோணல். அந்த மாதக் கடைசியில் கோகன் என்ற ஓவிய நண்பர் வந்து தங்கப்போகிறார், வான் கோ அவருக்காகக் காத்திருந்தார். காத்திருக்கும் அறை என்று சொன்ன பெண் அப்போது நிமிர்ந்து உட்காருவாள். இதே செய்தியை நான் முதல் நிமிடத்தில் சொல்லியிருந்தால் அது வெறும் குறிப்பு. முப்பதாவது நிமிடத்தில் சொல்லும்போது அது அவள் கேட்டதற்குப் பதில்.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். "சுவர் என்ன நிறம்?" என்பேன். நீலம் என்பார்கள் எல்லோரும். கடிதத்தில் அவர் எழுதியது வெளிர் ஊதா. அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறிப்போய்விட்டது, ஊதாவிலிருந்து சிவப்பு கழிந்து நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆக இத்தனை நேரம் நாம் பேசியது அவர் வரைந்த படத்தைப் பற்றியா, நூறு வருட வெளிச்சம் மாற்றிய படத்தைப் பற்றியா? இதற்கு நான் விடை சொல்வதில்லை. இன்னொரு முடிச்சும் உண்டு: ஓய்வின் உணர்வைத் தர வேண்டும் என்றுதான் அவர் இதை வரைந்தார். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது பதற்றமாகத் தெரிகிறது. ஓவியர் நினைத்தது ஒன்று, படம் செய்வது ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடிகிறது. பெரியவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

"அப்படியென்றால் எது சொன்னாலும் சரியா?" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். இல்லை. இரண்டாவது கேள்வி அதற்குத்தான். ஹோகுசாயின் பேரலை, 1831 வாக்கில் வந்த மர அச்சு ஓவியம், எல்லோருக்கும் தெரிந்தது. அதைக் காட்டினால் பலருக்கு அலை மட்டும்தான் தெரியும். படகுகளைப் பார்க்க நேரமாகும். படகுக்குள் ஆட்கள் குனிந்து ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க இன்னும் நேரமாகும். ஒரு மாணவன் முன்னால் கூம்பாக எழும் சின்ன அலையை மலை என்றான். எதைப் பார்த்து? முக்கோணமாக, உச்சியில் வெள்ளையாக இருக்கிறது. மற்றவர்கள் அதன் அடிவாரத்தில் நுரையும் படகும் இருப்பதைக் காட்டி மறுத்தார்கள். அவன் ஒப்புக்கொண்டான். ஆனால் அந்தத் தப்புதான் எங்களை உண்மையான மலைக்குக் கொண்டு சேர்த்தது: தூரத்தில், அலைகளுக்கு நடுவே, இன்னொரு அலை போலவே ஃபூஜி மலை. ஓவியர் இரண்டையும் ஒரே வடிவில் அமைத்திருக்கிறார். அவன் தப்பாகச் சொன்னதில் பாதி ஓவியரே வைத்த பொறி. படத்தில் ஆதாரம் இல்லாத கருத்து விழும், இருக்கும் கருத்து நிற்கும். நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

அளவு. இதை யாரும் பேசுவதில்லை, எனக்கு இதில் கொஞ்சம் பைத்தியம் உண்டு. திரையிலும் புத்தகத்திலும் எல்லாப் படமும் ஒரே அளவு. மோனாலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். பேரலை ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. பிக்காசோவின் குவெர்னிகா ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். மூன்றையும் பிள்ளைகளை விட்டே சாக்பீஸால் தரையில் வரையச் சொல்லுங்கள். குவெர்னிகா வகுப்பறைக்குள் அடங்காது, வராந்தாவுக்குப் போக வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு படத்தைக் கையில் பார்க்கட்டும். 1937-இல் ஒரு நகரத்தின் மேல் குண்டு போட்டதைப் பற்றிய படம் ஏன் கை அகலத்தில் இருக்க முடியாது என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

கையையும் சும்மா விடக்கூடாது. ரசனை வகுப்பு, வரையும் வகுப்பு என்று கால அட்டவணையில் பிரித்துப் போடுகிறார்களே, அது எனக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. ஜோசஃப் ஆல்பர்ஸ், ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியிலும் பிறகு அமெரிக்காவிலும் கற்பித்தவர், வண்ணத் தாள்களை வைத்தே பாடம் நடத்தினார். ஒரே தாளிலிருந்து இரண்டு சின்னச் சதுரம் வெட்டுங்கள். ஒன்றைக் கருநீலத் தாள் மேலும் இன்னொன்றை மஞ்சள் தாள் மேலும் வையுங்கள். இரண்டும் வேறு வேறு நிறம் என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நம்ப மாட்டார்கள், தாங்களே வெட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் ஒரு நிறத்தை அதன் பக்கத்து நிறத்தோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அப்பாவின் கண் சுருக்கலையும் கண்ணாடியையும் இப்போது வெட்கமில்லாமல் சொல்லித் தருகிறேன், யாரிடம் கற்றது என்பதையும் சேர்த்து.

வயதைப் பொறுத்து ஒரு எச்சரிக்கை. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947-இல் எழுதிய நூலில் குழந்தைகளின் வரைதலைப் பருவங்களாகப் பிரித்தார். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகள் தாங்கள் வரைவதை நிஜத்தோடு ஒப்பிட ஆரம்பிக்கிறார்கள். "எனக்கு வரைய வராது" என்ற வாக்கியம் பெரும்பாலும் இந்த வயதில்தான் பிறக்கிறது. அச்சு அசலாக வரைந்த படங்களையே காட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தாழ்வு மனப்பான்மைக்கு நாமே எண்ணெய் ஊற்றுகிறோம். வேறு விதமாக வரைந்தவர்களைக் காட்ட வேண்டிய வயது இது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவர்களுக்கு எதைக் காட்டினாலும் கதை சொல்வார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு அருவ ஓவியம் காட்டினால் "இதை நானே வரைஞ்சுடுவேன்" என்று ஒரு குரல் வரும். கோபப்படாதீர்கள், தாளும் வண்ணமும் கொடுத்துவிடுங்கள். நான்கு வட்டமும் இரண்டு கோடும் வைத்து ஒரு தாளை நிலையாக நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அரை மணியில் தெரிந்துவிடும். "பிடிக்கவில்லை" என்பதும் நல்ல பதில்தான், காரணத்தைப் படத்திலிருந்து காட்டினால். எனக்கே பிடிக்காத பெரிய ஓவியர்கள் இருக்கிறார்கள், அதை மாணவர்களிடம் மறைப்பதில்லை. அப்புறம், இந்த விஷயத்தில் நிபுணர்களும் சறுக்குவார்கள் என்பதற்கு ஒரு ஆறுதல் கதை: பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் காகிதத்தை வெட்டி ஒட்டி உருவாக்கிய படகுப் படம் ஒன்று 1961-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்துப் போனார்கள். படகு எது, தண்ணீரில் விழும் அதன் பிம்பம் எது என்று உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்தவர் பங்குச்சந்தைத் தரகு வேலை பார்க்கும் ஒரு பெண். இந்தக் கதையைச் சொன்ன பிறகு என் வகுப்பில் எந்தப் படத்தைப் போட்டாலும் "சார், நேராத்தான் இருக்கா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

உங்கள் கேள்வியில் 'பின்னணி' என்ற சொல் இருந்ததால் இன்னொன்று. பட்டமும் பயிற்சியும் வேண்டும்தான், வேலைக்கு விண்ணப்பிக்கவாவது. ஆனால் வகுப்பில் உதவுவது, ஆசிரியர் கடைசியாக எப்போது ஒரு படத்தை நிதானமாகப் பார்த்தார் என்பதுதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஆய்வில், ஒரு தலைசிறந்த படைப்பின் முன் அவர்கள் நின்ற சராசரி நேரம் 27 நொடி. பாதிப் பேர் 17 நொடிகூட நிற்கவில்லை. நானும் அந்தப் பாதியில் இருந்தவன்தான். ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே படத்தின் முன் மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறார். அவரே அதைச் செய்து பார்த்தார், கோப்லி 1765-இல் வரைந்த, அணிலோடு இருக்கும் சிறுவனின் படத்தை வைத்து. சிறுவனின் காது வளைவும் அணில் வயிற்று ரோமத்தின் விளிம்பும் ஒரே வடிவம் என்பது அவருக்கே ஒன்பது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. கலை வரலாற்றையே தொழிலாகக் கொண்டவருக்கு ஒன்பது நிமிடம் என்றால் நம் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் தருவதற்கு ஏன் கணக்குப் பார்க்கிறோம்? நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில்லை. வகுப்புக்கு முந்தைய நாள் அரை மணி நேரம், கையில் பென்சிலோடு. அது போதுமானதாக இருக்கிறது.

பின்னணி பற்றிய தாழ்வுணர்ச்சி வரும்போது நான் நினைத்துக்கொள்வது பினோத் பிகாரி முகர்ஜியை. சாந்திநிகேதனில் ஓவியம் கற்பித்தவர். பிறந்ததிலிருந்தே பார்வை மிகக் குறைவு, 1950-களில் அறவே போய்விட்டது. அதற்குப் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டியும் களிமண்ணைப் பிசைந்தும் படைத்தார், கற்பித்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். கண்ணே இல்லாதவர் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பெயர்ப்பலகைக்காரர் மகன் தயங்கியது எனக்கு இப்போது சிரிப்பாக வருகிறது.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்றும் கேட்பீர்கள். எட்மண்ட் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கக் கலைக் கல்வியாளர் நான்கு படி சொன்னார்: விவரிப்பது, கூறுகளைப் பகுத்துப் பார்ப்பது, பொருள் கொள்வது, கடைசியாக மதிப்பிடுவது. மேல் வகுப்பில் கட்டுரை எழுத வைக்க அது நல்ல ஏணி. கீழ் வகுப்பில் மதிப்பெண்ணே வேண்டாம் என்பது என் கட்சி.

நாளைக்கு ஆரம்பிக்க ஒரு படம் சொல்லுங்கள் என்றால், பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றைச் சொல்வேன். ப்ரூகல் வரைந்தது என்று நெடுநாள் நம்பப்பட்டது, அவர் வரைந்ததன் நகலாக இருக்கலாம் என்பது இன்று பலரின் கருத்து. முன்னால் ஒரு உழவர் ஏர் பிடித்துப் போகிறார். ஒரு மேய்ப்பர் ஆடுகளுக்கு நடுவே கோலை ஊன்றி வானத்தைப் பார்க்கிறார். பாய் விரித்த கப்பல், பச்சைக் கடல், தூரத்தில் வெளிச்சம். பிள்ளைகள் உழவரைப் பற்றியும் ஏரைப் பற்றியும் பேசுவார்கள், மேய்ப்பர் எதைப் பார்க்கிறார் என்று சண்டை போடுவார்கள். பேசவிடுங்கள். தலைப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள், உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். கீழே வலது பக்கம், கப்பலுக்கு அருகே, தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் இருக்கின்றன. யாராவது ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கத்தும். கிரேக்கப் புராணத்தில் வானத்திலிருந்து கடலில் விழும் இக்காரஸ் யார், அவனுடைய மெழுகு இறக்கை ஏன் உருகியது என்றெல்லாம் அப்போது சொல்லுங்கள்.